யாருடைய நாக்கு? போர்பன் விஸ்கியும் நாஞ்சில் நாட்டுப் பனையும்

போர்பன் விஸ்கியைச் சுவைத்துத் தீர்ப்பு எழுதுவதையே வேலையாகக் கொண்டவர்கள் அமெரிக்காவில் உண்டு. அதிலும் வீரியம் கூடிய 'பீப்பாய் புரூஃப்' போர்பனைச் சுவைப்பவர்களுக்குத் தனி மரியாதை. சாதாரண போர்பன் 80 புரூஃப்பில் தொடங்கும். அமெரிக்கக் கணக்கில் புரூஃப் என்பது ஆல்கஹால் சதவீதத்தின் இரண்டு மடங்கு, ஆக அது 40 சதவீதம். பீப்பாயிலிருந்து எடுத்ததைத் தண்ணீர் ஊற்றித் தணிக்காமல் அப்படியே பாட்டிலில் அடைத்தால் 120, 130 என்று போகும். 140ஐத் தாண்டியவையும் உண்டு. 70 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பாட்டிலை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

இதைச் சுவைப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, மூக்கை உள்ளே நுழைக்காமல், வாயைச் சற்றே திறந்து வைத்துக்கொண்டு முகர வேண்டும். இல்லாவிட்டால் ஆல்கஹால் ஆவி மூக்கை எரித்து மற்ற மணங்களை மறைத்துவிடும். முதல் மிடறு நாக்கைப் பழக்குவதற்கு மட்டுமே. அதை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. இரண்டாவது மிடற்றை மென்று தின்பதுபோல வாயெங்கும் புரட்ட வேண்டும். பிறகு சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடியும் முகர வேண்டும். தண்ணீர் விட்டால் மணம் ஏன் கூடுகிறது என்று ஸ்வீடன் வேதியியலாளர் இருவர் 2017இல் கணினி மாதிரியில் காட்டினார்கள்: வீரியம் அதிகமாக இருக்கும்போது புகைமணம் தரும் குவயக்கால் என்ற மூலக்கூறு ஆல்கஹாலுக்குள்ளேயே அமிழ்ந்து கிடக்கிறது, வீரியம் தணிந்தால் மேற்பரப்புக்கு வருகிறது. கடைசியில் 100க்கு இவ்வளவு என்று மதிப்பெண் போடுவார்கள். வனிலா, கேரமல், செர்ரி, தோல், புகையிலை என்று எழுதுவார்கள். போர்பனுக்குப் புதிய ஓக் பீப்பாயின் உட்புறத்தைக் கருக்கித்தான் பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம். அந்த ஓக் மரத்திலிருந்து இறங்கும் ஒரு பொருளுக்குத் தேங்காய் வாசனை. தீயலுக்குத் தேங்காய் வறுக்கிற நாஞ்சில் நாட்டு அடுக்களையில் வளர்ந்த மூக்கு, எந்தப் பயிற்சியும் இல்லாமல் அதைக் கண்டுபிடித்துவிடும் என்று நினைக்கிறோம்.

எங்களில் யாரும் 130 புரூஃப் போர்பனை வாங்கிக் குடித்தவர்கள் இல்லை. விலை அப்படி. குடிக்கச் சொல்லவோ குடிக்காதீர்கள் என்று உபதேசம் செய்யவோ இதை எழுதவில்லை. படிப்பு வட்டத்தில் அமெரிக்க அடிமை முறையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது இந்த விஸ்கி குறுக்கே வந்தது. பின்தொடர்ந்து போனால் அது அகஸ்தீஸ்வரம் பனங்காட்டில் கொண்டுவந்து விட்டது.

ஒரு பானத்தைச் சுவைத்து 'இது சரி, இது சரியில்லை' என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டும். அந்த நாக்கு பிறவியிலேயே வருவதில்லை. வருடக்கணக்காகக் கொதிகலன் பக்கத்தில் நின்று, சொட்டுகிற சாராயத்தின் முதல் பங்கு எது, நடுப்பங்கு எது, தள்ள வேண்டிய கடைப்பங்கு எது என்று பார்த்துப் பார்த்து வருவது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அப்படி நின்றவர்களில் பலர் அடிமைகள்.

ஜார்ஜ் வாஷிங்டனையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் முதல் அதிபர். 1797இல் மவுண்ட் வெர்னானில் இருந்த தன் பண்ணையில் சாராய ஆலை தொடங்கினார். யோசனை சொன்னவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அடுப்பெரித்து ஊறலைக் கிளறியவர்கள் ஹேன்சன், பீட்டர், நேட், டேனியல், ஜேம்ஸ், திமோத்தி என்ற ஆறு கறுப்பின அடிமைகள். 1799இல் அந்த ஆலை ஏறத்தாழ 11,000 காலன் விஸ்கி எடுத்தது. அது பெரும்பாலும் ரை என்ற தானியத்தில் செய்தது, போர்பன் அல்ல. போர்பனில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். ஆனால் போர்பனின் ஊரான கென்டக்கியிலும் கதை வேறாக இல்லை. போர்பனின் தந்தை என்று புராணம் கட்டப்பட்டிருக்கும் எலைஜா கிரெய்க் பாப்டிஸ்ட் போதகர்; அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர். கருக்கிய பீப்பாயை அவர்தான் கண்டுபிடித்தார் என்பதற்குச் சான்றில்லை என்று வரலாற்றாசிரியர்கள் சொல்லிவிட்டார்கள். இருந்தாலும் அவர் பெயரில் பீப்பாய் புரூஃப் போர்பன் இன்றும் விற்கிறது, மதிப்பெண்ணும் வாங்குகிறது.

இந்த வரலாற்றில் பெயர் திரும்பி வந்த ஒருவர் உண்டு. நேத்தன் கிரீன். 'நியரஸ்ட்' என்று கூப்பிடுவார்கள். டென்னசி மாநிலத்தின் லிஞ்ச்பர்க் பக்கத்தில் டேன் கால் என்ற போதகரின் பண்ணையில் சாராயம் வடித்த அடிமை. காலுக்குக்கூட அவர் சொந்த அடிமை இல்லை. வேறொரு நிறுவனம் அவரைக் காலுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. அந்தப் பண்ணைக்கு வேலைக்கு வந்த வெள்ளைக்காரச் சிறுவனுக்கு விஸ்கி வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் கிரீன். சிறுவனின் பெயர் ஜாக் டேனியல். அடிமை முறை 1865இல் ஒழிந்த பிறகு ஜாக் டேனியல் சொந்தமாக ஆலை வைத்தார். அதன் முதல் தலைமை வடிப்பாளர் கிரீன். அவருடைய மகன்களும் அங்கே வேலை பார்த்தார்கள். விஸ்கியைச் சர்க்கரை மேப்பிள் மரக்கரி வழியாகச் சொட்டுச்சொட்டாக வடிகட்டும் முறைதான் டென்னசி விஸ்கியைப் போர்பனிலிருந்து பிரித்துக் காட்டுவது. கரியால் தண்ணீரைத் தெளிய வைக்கும் மேற்கு ஆப்பிரிக்கப் பழக்கத்தின் தொடர்ச்சி அது என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகிறார்கள்.

1967இல் வெளிவந்த ஜாக் டேனியல் வாழ்க்கை வரலாற்றிலேயே கிரீனும் அவர் மகன்களும் பலமுறை வருகிறார்கள். ஆக, யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஆனால் ஆலையைச் சுற்றிக் காட்டும்போது சொல்லும் கதையில் அவர் இல்லை. 2016இல் அந்த நிறுவனம் 150ஆம் ஆண்டு கொண்டாடியபோது நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் கிளே ரைசன் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் ஊர் பேச ஆரம்பித்தது. ஃபான் வீவர் என்ற கறுப்பினப் பெண் லிஞ்ச்பர்க்குக்குப் போய், வழித்தோன்றல்களைத் தேடிப் பிடித்து, ஆவணங்களைத் திரட்டினார். 2017இல் 'அங்கிள் நியரஸ்ட் 1856' என்ற 100 புரூஃப் விஸ்கி வந்தது. 2019இல் கிரீனின் எள்ளுப்பேத்தியான விக்டோரியா ஈடி பட்லர் அதன் கலவையைத் தீர்மானிக்கும் பொறுப்புக்கு வந்தார். எந்தப் பீப்பாய் எதனுடன் சேர வேண்டும் என்று சொல்வது இப்போது அவருடைய நாக்கு. அந்த நிறுவனம் 2025இல் கடன் வழக்கில் சிக்கி நீதிமன்ற மேற்பார்வைக்குள் போனது. பெயர் கிடைப்பதும் முதல் கிடைப்பதும் ஒன்றில்லை என்று நாம் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அடிமைகளுக்கும் விஸ்கிக்கும் இன்னொரு உறவும் உண்டு. அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாற்றில் அதை விளக்குகிறார். கிறிஸ்துமஸ் விடுமுறையில் எஜமானர்களே அடிமைகளுக்கு விஸ்கி ஊற்றிக் கொடுப்பார்களாம், யார் அதிகம் குடிக்கிறார்கள் என்று பந்தயமும் கட்டுவார்களாம். விடுதலை என்றால் இந்த மயக்கமும் வாந்தியும்தான் என்று அடிமை நம்ப வேண்டும் என்பது கணக்கு. வடிப்பதற்கு அவன் கை, குடித்துக் கெடுவதற்கும் அவன் உடம்பு. சுவைத்துத் தீர்ப்பு சொல்லும் இடத்தில் மட்டும் அவன் இல்லை.

நியரஸ்ட் கிரீன் டென்னசியில் அடிமையாகச் சாராயம் வடித்துக்கொண்டிருந்த அதே காலத்தில் நாஞ்சில் நாடும் அடிமை நாடாகத்தான் இருந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் நெல்வயல்களில் பள்ளர், பறையர், புலையர் நிலத்தோடு சேர்த்து விற்கவும் ஒற்றி வைக்கவும் பட்டார்கள். தனியார் மட்டுமல்ல, திருவிதாங்கூர் அரசே அடிமைகளை வைத்திருந்தது. 1853இல் அரசு அடிமைகளுக்கு இனிப் பிறக்கும் குழந்தைகள் சுதந்திரர் என்று ஓர் அறிவிப்பு. 1855இல் அடிமை முறையையே ஒழிக்கும் அறிவிப்பு. அமெரிக்காவுக்குப் பத்து ஆண்டு முன்னதாக. அறிவிப்புக்குப் பிறகும் வயல் அதே கையில், களத்துமேடு அதே கையில்.

சாமுவேல் மேட்டீர் 1871இல் வெளியிட்ட திருவிதாங்கூர் பற்றிய நூலில் தீண்டல் தூரத்தைக் காலடிக் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார். நம்பூதிரியிடமிருந்து ஈழவர் 36 அடி தள்ளி, புலையர் 96 அடி தள்ளி, பறையர் அதற்கும் அப்பால். நெல் விளைவித்தவரும் கள் இறக்கியவரும் இந்த அளவுகோலுக்குள்தான் நின்றார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தென் திருவிதாங்கூரில் பனையேறியவர்கள் பெரும்பாலும் நாடார்கள். அவர்கள் தங்களைத் தலித் என்று சொல்வதில்லை, நாங்களும் அப்படி எழுதப் போவதில்லை. 1859ஆம் ஆண்டுத் தோள்சீலை அறிவிப்பு நாடார் பெண்களைப் பற்றியது. வயலில் நின்ற புலையர், பறையர் பெண்கள் அதில் இல்லை. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் படி உண்டு, அந்தப் படியை மறைத்து வரலாறு எழுதுவதில் பயனில்லை. ஆனால் பனையேறியின் உழைப்பும் அறிவும் எப்படி எடுத்துக்கொள்ளப்பட்டன என்ற கதை நியரஸ்ட் கிரீன் கதையோடு வைத்துப் படிக்க வேண்டியது.

பனையில் ஏறுவதை எல்லாரும் பாராட்டுவார்கள். உயரம், தளைநார், பாளை அரிவாள், நெஞ்சுத் தழும்பு. ஏறிய பிறகு நடப்பதைப் பற்றிப் பேசுவது குறைவு. பாளையை இடுக்கியால் நசுக்குவதில் ஒரு பதம், நுனி சீவுவதில் ஒரு பதம். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் அது பதநீர். எங்கள் பக்கத்தில் அக்கானி. தடவாவிட்டால் கள். சுண்ணாம்பு குறைந்தால் வெயிலேறுவதற்குள் புளித்துவிடும், கூடினால் நாக்கில் அறுக்கும். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் எது நடந்தது என்று தெரிந்துவிடும். காலைக் கள்ளுக்கும் மாலைக் கள்ளுக்கும் ருசி வேறு. மறுநாள் அதே கள் காடியாகத் திரும்பும். அக்கானியைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது பெண்களின் வேலை. கொதிக்கும் பாகில் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, அது கரைகிறதா உருளுகிறதா என்று பார்த்து இறக்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினால் கருகிக் கசக்கும். கென்டக்கியில் பீப்பாய் போர்பனுக்குத் தண்ணீர் சொட்டுவிட்டுப் பார்ப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அங்கே அதற்கு மதிப்பெண் உண்டு, சம்பளம் உண்டு. இங்கே அது 'பனங்காட்டு வேலை'.

வித்தியாசம் இன்னும் ஒன்று உண்டு, அது வரி. திருவிதாங்கூரில் ஏணிக்கும் வரி, தளைக்கும் வரி. கள்ளையும் சாராயத்தையும் இறக்கி விற்கும் உரிமையை அரசு ஏலம் விட்டுக் குத்தகைக்காரர்களிடம் கொடுத்தது. உப்பு, புகையிலையோடு அப்காரியும் அரசு வருமானத்தின் முக்கியக் கணக்குகளில் ஒன்றாக இருந்தது. 1750இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக்கொடுத்த பிறகு மன்னர்கள் பத்மநாபதாசர்களாகவே ஆண்டார்கள். கள் இறக்கியவர் தூரத்தில் நிற்க வேண்டும். கள்ளின் காசு மட்டும் தீட்டில்லாமல் கஜானாவுக்குப் போகலாம்.

பக்கத்தில் பிரிட்டிஷ் சென்னை மாகாணத்தில் 1886ஆம் ஆண்டு அப்காரிச் சட்டம் இதையே இன்னும் இறுக்கியது. அங்கேதான் புரூஃப் என்ற சொல் நம் ஊருக்குள் வருகிறது. பழைய இங்கிலாந்தில் சாராயத்தின் வீரியத்தைத் தெரிந்துகொள்ள வெடிமருந்தில் ஊற்றிப் பற்றவைப்பார்களாம். பற்றினால் 'நிரூபணம்' ஆனது, அதுவே புரூஃப். பிறகு சைக்ஸ் என்பவர் செய்த மிதவைமானி வந்தது, 1816இல் அதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. அந்தக் கணக்கில் 57 சதவீதத்துக்குச் சற்று மேல் இருந்தால் 100 டிகிரி, 'லண்டன் புரூஃப்'. நம்மூர்க் கடையில் விற்கும் பாட்டிலை எடுத்துப் பாருங்கள்: 42.8 சதவீதம். ஏன் இந்த உடைந்த எண், நேராக 40 என்றோ 45 என்றோ இருக்கக் கூடாதா? லண்டன் புரூஃப்பில் 25 டிகிரி குறைத்தால் 75 டிகிரி. 57.15இல் முக்கால் பங்கு 42.86. பல பாட்டில்களில் '75 டிகிரி புரூஃப்' என்றே அச்சிட்டிருந்தார்கள். காலனி ஆட்சியின் வரிக்கணக்கு பாட்டிலில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் இருக்கும் 'விஸ்கி'யும் பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்த சாராயத்துக்கு நிறமும் மணமும் ஏற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் அதை விஸ்கி என்று விற்க விடுவதில்லை.

மிதவைமானி வந்ததோடு நாக்கின் வேலை முடிந்தது என்று சொல்லலாமா? அளவை என்ற முறையில் அது நல்ல கருவிதான். யாருடைய கையில் இருந்தது என்பதுதான் கேள்வி. இன்ஸ்பெக்டர் கையில் இருந்தது, குத்தகைக்காரர் பக்கம் இருந்தது. இறக்கியவர் சொல்லுக்கு அதன்பின் மதிப்பில்லை.

அமெரிக்காவில் அளவை யாரைக் காத்தது என்று பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கும் கலப்படம் தலைவிரித்தாடியது. வெறும் சாராயத்தில் நிறமும் புகையிலைச் சாறும் கலந்து போர்பன் என்று விற்றார்கள். 1897இல் ஒரு சட்டம் வந்தது. ஒரே ஆலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசு மேற்பார்வைக் கிடங்கில் குறைந்தது நான்கு ஆண்டு வைத்து, சரியாக 100 புரூஃப்பில் அடைத்தால் மட்டுமே அந்த முத்திரை கிடைக்கும். குடிப்பவருக்கு அரசு கொடுத்த உத்தரவாதம் அது. இன்று 130 புரூஃப் போர்பனை ஒருவர் அச்சமில்லாமல் வாயில் புரட்டிப் புரட்டிச் சுவைக்க முடிகிறது என்றால், அடியில் அந்த உத்தரவாதம் இருக்கிறது. எரியும், ஆனால் கொல்லாது.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் குடித்தவர்களுக்கு அப்படி ஓர் உத்தரவாதம் இல்லை. 60 பேருக்கு மேல் செத்தார்கள். பலர் பட்டியல் சாதியைச் சேர்ந்த கூலித் தொழிலாளர்கள். சாராயத்தில் மெத்தனால் கலந்திருந்தது. இங்கேதான் சுவைத்தல் என்ற கலை முழுக்கத் தோற்கிறது. மெத்தனாலை நாக்கும் மூக்கும் பிரித்தறிய முடியாது. அனுபவசாலிகள் திரியை நனைத்துப் பற்றவைத்துப் பார்ப்பார்கள். மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும், இன்னும் நன்றாகவே எரியும். குடித்த பிறகு உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண்ணைப் பறிக்கும், உயிரை எடுக்கும். மாலையில் உடம்புவலி போக மலிவாக ஏதோ ஒன்றைக் குடித்தவரைப் பார்த்து 'குடிகாரச் சாதி' என்று பேசியவர்களை அன்று நாம் எல்லாரும் கேட்டோம். அதே வாய்கள் நட்சத்திர ஓட்டலில் விஸ்கி சுவைப்பதை ரசனை என்கின்றன.

நம் தலைவர்கள் குடியைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை. சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் விடுமுறை நாட்களில் மதுக்கடைகளை மூடச் சொல்லி வாதாடினார். கள் இறக்கும் சமூகத்தில் பிறந்த நாராயண குரு, கள்ளைச் செய்யவே வேண்டாம் என்று தன் மக்களிடம் சொன்னார். சாமித்தோப்பு வைகுண்டரும் குடியை விலக்கச் சொன்னார். இவர்கள் பேசியதைச் சாதி இந்துக்களின் மதுவிலக்குப் பிரச்சாரத்தோடு கலக்கக் கூடாது என்பது எங்கள் கருத்து. இவர்கள் தம் மக்களின் கூலியும் உடம்பும் யார் கைக்குப் போகிறது என்று பார்த்துப் பேசினார்கள். சட்டம் போட்டவர்கள் பார்த்தது வேறு. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் தடை. 1983இல் தொடங்கிய டாஸ்மாக்குக்கு 2003இல் சில்லறை விற்பனையும் முழுதாக வந்து சேர்ந்தது. மரத்திலிருந்து இறங்கும், வீரியம் குறைந்த பானம் குற்றம். ஆலையில் வடித்த 42.8 சதவீதம் அரசு வியாபாரம். களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலையில் கள்ளுக்கடைக்கு உரிமம் உண்டு. கேரளத்தில் தென்னங்கள்ளில் எவ்வளவு ஆல்கஹால் இருக்கலாம் என்று விதியே இருக்கிறது. ஒரே மண், ஒரே பனை, ஒரே தென்னை. 1956இல் போட்ட எல்லைக்கோட்டின் இந்தப் பக்கம் மட்டும் அந்த நாக்குக்கு வேலையில்லை. கள்ளுக்கடையைத் திறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. திறந்தால் உரிமம் யார் பெயருக்குப் போகும் என்பதை முதலில் கேட்க வேண்டும்.

ஜாக் டேனியல் ஆலையில் 1904 வாக்கில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. ஆட்கள் இரண்டு மூன்று வரிசையாக. வெள்ளைத் தொப்பியோடு ஜாக் டேனியல். அவருக்குப் பக்கத்தில் ஒரு கறுப்பினத்தவர் உட்கார்ந்திருக்கிறார், நியரஸ்ட் கிரீனின் மகன் ஜார்ஜ் என்று நம்புகிறார்கள். அந்த ஒரு படம் இருந்ததால்தான் பலர் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். நம் மாவட்டத்திலும் அப்காரிக் குத்தகை எடுத்த குடும்பங்களின் வீடுகளில் பழைய படங்கள் மாட்டியிருக்கும். ஓரத்தில் தலைப்பாகையில்லாமல் நிற்பவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். அகஸ்தீஸ்வரம், கல்குளம் பக்கம் கருப்பட்டி காய்ச்சிய கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள். பாகு பதத்துக்கும் சுண்ணாம்புப் பதத்துக்கும் அவர்களிடம் உள்ள சொற்களை எழுதிவர விடுமுறையில் போகிறோம். வயலில் நின்ற வீடுகளுக்கும் போவோம். கூலியில் கள் எவ்வளவு கழிந்தது என்று அங்கேதான் கேட்க வேண்டும். வர முடிந்தவர்கள் ஒரு நோட்டும், நன்றாகப் பதிவாகும் ஒரு போனும் எடுத்து வாருங்கள். பெயர்களை எழுதும்போது பாட்டனார் பெயரையும் கேட்டு எழுதுங்கள்.